72 வீட்டுக்கு லெட்டர் பாக்ஸ்: கேட் பக்கமா, பிளாக் வாரியாகவா? வாட்ச்மேன் கையெழுத்துப் போடலாமா?

செயலர்_3பிளாக்:

வேளச்சேரி, 600042. மூன்று பிளாக், பிளாக்குக்கு 24 வீடு, மொத்தம் 72. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே ஆறு மாடி, மாடிக்கு நாலு வீடு. லிஃப்ட் உண்டு. பில்டர் மாட்டிக் கொடுத்த லெட்டர் பாக்ஸ் துருவேறிப் போச்சு. பாதிக் கதவு மூடாது, மீதிக் கதவு திறக்காது. சாதாத் தபால் எல்லாம் செக்யூரிட்டி மேஜையில் குவிகிறது. ஸ்பீட் போஸ்ட்டோ, வீட்டில் ஆள் இருக்கும்போதே 'டோர் லாக்ட்' என்று திரும்புகிறது.

அடுத்த பொதுக்குழுவில் புதுப் பெட்டிக்குப் பணம் ஒதுக்கப் போகிறோம். பெட்டிகளை கேட் அருகே ஒரே இடத்தில் வைப்பதா, பிளாக் வாரியாக லிஃப்ட் பக்கம் வைப்பதா? என்ன அளவு, என்ன தகடு? ஸ்பீட் போஸ்ட், ரிஜிஸ்டர் இவற்றை வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கலாமா? "போஸ்ட்மாஸ்டரைப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்க்கத்தான் போகிறோம், போகும்போது கையில் விவரம் இருக்க வேண்டும்.

பீட்_சார்ட்டர்:

பெட்டிக்கு முன்னால் விலாசத்தைச் சரி பண்ணுங்க சார். பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விலாசம் கோணலாக இருந்தால் தபால் அதுவரை வந்து சேராது.

ஒரு தபாலை மூன்று இடத்தில் மூன்று பேர் படிக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வரி. ஆர்.எம்.எஸ்.ஸில் (ஊர் ஊராகத் தபால் பிரிக்கும் இடம்) பிரிப்பவர் பார்ப்பது பின்கோடு. 600 என்றால் சென்னை, அடுத்த மூன்று எண் எந்த டெலிவரி ஆபீஸ் என்பது. தெருப் பெயரை அங்கே யாரும் படிப்பதில்லை, படிக்க நேரமும் கிடையாது. மேற்கு மாம்பலம் 600033. அங்கே இருப்பவர் பக்கம்தானே என்று தி.நகருக்கான 600017-ஐப் போட்டுவிட்டால் தபால் தி.நகருக்குத்தான் போகும். அங்கே பீட் (ஒரு போஸ்ட்மேன் சுற்றும் பகுதி) வாரியாகப் பிரிக்கும்போதுதான் இது நம்ம ஏரியா இல்லை என்று தெரிந்து திருப்பி அனுப்புவார்கள். குறைந்தது ஒரு நாள் போச்சு. ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) இது இன்னும் அதிகம். பில்டர் விளம்பரத்தில் 'ஓ.எம்.ஆர்.' என்று மட்டும் போட்டிருப்பார், ஆனால் பெருங்குடி 600096, துரைப்பாக்கம் 600097, சோழிங்கநல்லூர் 600119. குடி வந்தவர்கள் மூன்றில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, டெலிவரி ஆபீஸில் காலையில் பை பிரித்து பீட் வாரியாகப் போடுபவர். அவர் பார்ப்பது தெருவும் நகரும். காந்தி தெரு, பாரதியார் தெரு, முதல் மெயின் ரோடு இதெல்லாம் ஒரே பின்கோடுக்குள்ளேயே இரண்டு மூன்று இருக்கும். நகர் பெயர் இல்லாமல் தெருப் பெயர் மட்டும் எழுதினால் அது எந்த பீட் என்று அவர் குத்துமதிப்பாகத்தான் போட முடியும்.

மூன்றாவதுதான் போஸ்ட்மேன். கட்டடம், பிளாக், ஃபிளாட் நம்பர் மூன்றும் அவருக்கு. சென்னையில் புது நம்பர், பழைய நம்பர் என்ற தலைவலி வேறு. மாநகராட்சி நம்பரை மாற்றினாலும் பழைய போர்டு பல சுவர்களில் அப்படியே இருக்கிறது. ஒரே தெருவில் 'புது எண் 14' ஒரு கோடி, 'பழைய எண் 14' மறு கோடி. இரண்டையும் எழுதுங்கள்: புது எண் 14, பழைய எண் 31 என்று. வெறும் '14/31' என்று போட்டால் எது புதுசு என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஃபிளாட் நம்பர். சின்ன அபார்ட்மென்ட்களில் கிரவுண்டுக்கு ஜி1, முதல் மாடிக்கு எஃப்1, இரண்டாவதுக்கு எஸ்1, மூன்றாவதுக்கு டி1 என்று ஆங்கில முதலெழுத்தை வைத்து நம்பர் போடும் வழக்கம் உண்டு. இதில் எஸ்1-ஐக் கையால் எழுதினால் ஐம்பத்தொன்று மாதிரி இருக்கும், ஜி1 அறுபத்தொன்று ஆகும். எட்டு வீடுதான் இருக்கும் கட்டடத்தில் 51-ஆம் நம்பரைத் தேடினால் எங்கே கிடைக்கும்? உங்களைப் போன்ற பிளாக் கட்டடத்தில் வேறு சிக்கல். பில்டர் பத்திரத்தில் 'டவர் 2' என்றிருப்பார், குடியிருப்பவர்கள் 'பி பிளாக்' என்பார்கள், சுவரில் மரப்பெயர் பூப்பெயர் ஏதாவது எழுதியிருக்கும். மூன்றில் ஒன்றை முடிவு செய்து கேட், லிஃப்ட், பெட்டி மூன்று இடத்திலும் அதையே எழுதுங்கள். ஃபிளாட் நம்பர் மூன்று இலக்கமாகவே இருக்கட்டும்: பி 402. முதல் இலக்கம் மாடி. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

பெயர் இன்னொரு பள்ளம். பெட்டியில் 'ஆர். முருகன்' என்றிருக்கும். பாஸ்போர்ட்டிலும் பேங்கிலும் இனிஷியலை விரித்து 'முருகன் ராமசாமி' என்று எழுதியிருப்பார்கள், சில இடங்களில் 'ராமசாமி' மட்டும் முன்னால் வரும். புதிதாக வந்த செக்யூரிட்டி "ராமசாமின்னு யாரும் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை இதைவிட மோசம். பெட்டியில் வீட்டுக்காரர் பெயர், தபாலில் இவர்கள் பெயர். ஆகவே பெட்டியில் பெயரே வேண்டாம், நம்பர் மட்டும் போதும். கேட்டில் செக்யூரிட்டி கையில் மட்டும் ஒரு பட்டியல் இருக்கட்டும்: ஃபிளாட், வீட்டில் இருக்கும் எல்லார் பெயரும், இனிஷியல் விரித்த வடிவமும் சேர்த்து. வீடு மாறும் மாதத்தில் அதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பட்டியலே அடுத்த குழப்பம்.

'டோர் லாக்ட்' பற்றி. வீட்டுக்கதவு வரைக்கும் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு எழுதியதாகத்தான் அதற்கு அர்த்தம். நடைமுறையில், கேட்டில் இன்டர்காம் அடித்து யாரும் எடுக்கவில்லை என்றாலும், ஆப்பில் அனுமதி வரவில்லை என்று செக்யூரிட்டி நிறுத்தினாலும் பெரும்பாலும் அந்தக் குறிப்புதான் விழுகிறது. கூரியர் பையனுக்கு வைத்த அதே விதியைப் போஸ்ட்மேனுக்கும் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அவர் பையில் ஐந்தாறு ஃபிளாட்டுக்கான தபால் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்டு நிற்க முடியாது. யூனிஃபார்ம், அடையாள அட்டை பார்த்துவிட்டு நேரே விடச் சொல்லுங்கள். லிஃப்ட்டைப் பயன்படுத்தலாம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். சில இடங்களில் 'டெலிவரி ஆட்கள் படியில் செல்லவும்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆறு மாடி ஏறச் சொல்லிவிட்டு ஏன் மேலே வரவில்லை என்று கேட்டால் எப்படி?

பெட்டி எங்கே என்றால், என் கட்சி கேட் பக்கம், ஒரே இடம். 72 வீட்டுச் சாதாத் தபாலை நின்ற இடத்திலேயே போட்டு முடித்துவிடலாம். கையெழுத்துத் தபாலுக்கு மட்டும் மேலே போனால் போதும்.

தகடு_வேலை:

அளவுக்கு வருகிறேன். பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது ஏ4 கவர். மடிக்காமல் ஏ4 தாள் போடும் கவர் 229 × 324 மி.மீ. அதைக் குறுகிய பக்கம் முன்னால் வரும்படி நுழைப்பார்கள். ஆகவே வாய் 235 மி.மீ.க்குக் குறையக் கூடாது, உள் ஆழம் 340-க்குக் குறையக் கூடாது. பில்டர்கள் மாட்டும் பெட்டியில் ஆழம் 150, 200 தான் இருக்கும். கவர் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அல்லது போஸ்ட்மேன் மடித்துத் திணிப்பார். செக்யூரிட்டி மேஜையில் தபால் குவிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு பெட்டிக்கு வெளி அளவு 260 அகலம், 110 உயரம், 350 ஆழம் என்று வையுங்கள். வாய் 240 × 30. முப்பதுக்கு மேல் திறந்தால் கை நுழையும். முப்பதிலும் விரல் நுழையும் என்பதால் வாய்க்கு உள்ளே 40 மி.மீ. தகட்டைக் கீழ்நோக்கி மடித்து ஒரு நாக்கு விடச் சொல்லுங்கள். கவர் வழுக்கி இறங்கும், மேலே இழுத்தால் தடுக்கும்.

பிளாக் வாரியாக என்றால் 24 பெட்டி: நாலு பத்தி, ஆறு வரிசை. அகலம் 1040, உயரம் 660. அடிப்பகுதி தரையிலிருந்து 850-ல் நிற்கட்டும், மேல்பகுதி 1510-ல் முடியும். குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். கேட் பக்கம் 72-ஐயும் சேர்த்து என்றால் எட்டுப் பத்தி, ஒன்பது வரிசை: 2080 அகலம், 990 உயரம், அடி 600-ல். இதற்கு மேல் வரிசை கூட்டாதீர்கள். மேல் வரிசையில் பெட்டிக்குள் எதுவும் தெரியாது, கீழ் வரிசையை முட்டி வலிக்காரர்கள் திறக்கவே மாட்டார்கள். நம்பர் வரிசை மாடி மாதிரியே மேலிருந்து கீழாக இருக்கட்டும்: மேல் வரிசை ஆறாம் மாடி, கீழ் வரிசை முதல் மாடி. பழக்கம் இல்லாத லீவ் போஸ்ட்மேன் வந்தாலும் கண் தானாகப் போகும்.

தகடு: உடம்புக்கு 20 கேஜ், கதவுக்கு 18 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் தகடு தடிப்பு). கதவு மெல்லிசாக இருந்தால்தான் வளைந்து பூட்டு மாட்டாமல் போகிறது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் பவுடர் கோட்டிங் போதும், ஆனால் வெட்டி, துளை போட்டு, மடித்த பிறகுதான் கோட்டிங் செய்ய வேண்டும். கோட்டிங் முடிந்த தகட்டில் வாய் வெட்டினால் வெட்டிய விளிம்பில் துத்தநாகமும் இல்லை, பெயின்டும் இல்லை. துரு அங்கிருந்துதான் கிளம்பும். உங்கள் பழைய பெட்டியில் வாய் ஓரமும் பூட்டு ஓட்டையும்தான் முதலில் துருவேறியிருக்கும், பாருங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாம், அதிலும் உப்புக்காற்றில் பழுப்புக் கறை வரும். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேளச்சேரிக்கு ஜி.ஐ. தாங்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் ஏரியா என்றால் அடி உயரத்தை 850-க்குக் கீழே இறக்க வேண்டாம்.

பூட்டு கேம் லாக், சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு நாக்கு சுழலும் சின்னப் பூட்டு. இங்கேதான் ஏமாறுவார்கள். விலை குறைந்த பூட்டை மொத்தமாக வாங்கினால் பத்துப் பன்னிரண்டு சாவி வகைதான் திரும்பத் திரும்ப வரும். பி 402 சாவி சி 103-ஐத் திறக்கும். பூட்டு முகத்திலும் சாவியிலும் நம்பர் அடித்திருப்பார்கள். மாட்டுவதற்கு முன் 72-ஐயும் தரையில் பரப்பி, ஒரே நம்பர் இரண்டு இருந்தால் மாற்றி வாங்குங்கள். மாட்டிய பிறகு கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.

மற்றபடி: கதவின் கீழ்ப்பக்கம் 20 மி.மீ. உயரத்துக்கு அக்ரிலிக் கண்ணாடி, திறக்காமலே தபால் இருக்கிறதா என்று பார்க்க. அடித்தட்டில் நாலைந்து 5 மி.மீ. துளை, ஈரம் வடிய. துளையைப் பெரிதாகப் போட்டால் குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிடும்.

காம்பவுண்டு சுவரில் பதித்து, வெளியிலிருந்து போட்டு உள்ளிருந்து எடுக்கும் மாடல் கேட்டால் செய்து தருவார்கள். போஸ்ட்மேன் உள்ளே வரவே வேண்டாம் என்பது வசதி. ஆனால் வாய்க்கு மேல் 75 மி.மீ. சரிவுத் தகடும் ஸ்பிரிங் மூடியும் இல்லாவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் உள்ளே கூழ்தான். டியூஷன் சென்டர் நோட்டீஸ், பீட்சா நோட்டீஸ் போடுபவர்களுக்கும் அது திருவிழா. பூட்டியிருக்கும் வீட்டுப் பெட்டி இரண்டு மாதத்தில் நிரம்பி, அதற்குப் பிறகு வரும் பேங்க் கடிதம் நுழையாது.

லிஃப்ட்_லாபி:

பீட்_சார்ட்டர் அவர்களே, கேட் பக்கம் என்பது போஸ்ட்மேனுக்கு நல்லது. எடுக்கும் ஆளையும் யோசிக்க வேண்டும். இப்போது சாதாத் தபாலில் வருவது என்ன? ஆதார் கடிதம், பத்திரிகைச் சந்தா, கம்பெனி அறிக்கை, கல்யாணப் பத்திரிகை. இதற்கெல்லாம் டிராக்கிங் கிடையாது. வந்தது தெரிந்தால்தான் எடுப்பார்கள். லிஃப்ட்டுக்கு நிற்கும் இடத்தில் பெட்டி இருந்தால் கண்ணில் படும். கேட் பக்கம் இருந்தால், கார் வைத்திருப்பவர் ஸ்டில்ட்டில் இறங்கி நேரே மேலே போய்விடுவார், மாதம் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகமாட்டார்.

ஒன்று மட்டும்: ஸ்டில்ட்டில் பெட்டி மாட்டும்போது அதற்கு முன்னால் யாருடைய பார்க்கிங் என்று பாருங்கள். வரைபடத்தில் வெறும் சுவராகத் தெரியும். மாட்டிய மறுநாள் இரண்டு டூவீலர் ஸ்டாண்டு போட்டு நிற்கும், கதவு 260 மி.மீ. திறக்க இடம் இருக்காது. முன்னால் ஒரு மீட்டர் காலி இடம், மஞ்சள் கோடு.

பீட்_சார்ட்டர்:

ஒத்துக்கொள்கிறேன், மூன்று பிளாக்கும் கேட்டிலிருந்து ஒரே நடையில் வரிசையாக இருந்தால் லாபியே மேல். பிளாக்குகள் பார்க், நீச்சல்குளம் என்று சிதறிக் கிடந்தால் மட்டும் கேட். செயலர் கட்டடம் 72 வீடு என்பதால் லாபி ஓடும். ஆனால் லாபிக் கதவுக்குக் கார்டு பூட்டு வைத்திருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். போஸ்ட்மேனிடம் கார்டு இருக்காது.

வக்கீல்_குமாஸ்தா:

மூன்றாவது கேள்விதான் பணம் சம்பந்தப்பட்டது, பெட்டியைவிட.

முதலில் எது எந்தத் தபால் என்று பிரியுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டு ரிஜிஸ்டர் தபால் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பழைய ரிஜிஸ்டரின் தன்மை வேண்டுமென்றால் ஸ்பீட் போஸ்ட் கட்டணத்துக்கு மேல் 'பதிவு' என்று கேட்டு வாங்க வேண்டும். தபாலுக்கு 5 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுப்பது என்ற வசதிக்கும் அதே 5 ரூபாய்.

வித்தியாசம் இதுதான். வெறும் ஸ்பீட் போஸ்ட் விலாசத்துக்கு. அந்த வீட்டில் இருக்கும் பெரியவர் யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். 'பதிவு' செய்தது ஆளுக்கு. பெயரில் இருப்பவர், அல்லது அவர் எழுத்தில் அனுமதி கொடுத்தவர் மட்டும். வாட்ச்மேன் வீட்டு ஆள் இல்லை. அனுமதிக் கடிதம் இல்லாமல் அவர் கையில் கொடுத்து அது தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் போஸ்ட்மேன். விவரம் தெரிந்த போஸ்ட்மேன் கொடுக்க மறுப்பது அதனால்தான், பிகு பண்ணுகிறார் என்று நினைக்காதீர்கள். ஓ.டி.பி. தபாலில் இன்னொன்று: எண் போவது அனுப்பியவர் எழுதிக்கொடுத்த மொபைலுக்கு. ஆபீஸில் இருப்பவர் போனை எடுத்து எண்ணைச் சொன்னால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கே கிடைக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பித்தவர் கையில்தான், அடையாள அட்டை காட்டித்தான். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து டிரைவிங் லைசென்ஸும் ஆர்.சி.யும் ஸ்பீட் போஸ்ட்டில்தான் வருகின்றன. திரும்பினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்விடும், பிறகு அலைச்சல்.

அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது: டெலிவரி ஆபீஸ் போஸ்ட்மாஸ்டருக்கு, ஃபிளாட் நம்பரோடு முழு விலாசம், யார் யார் பெயருக்கு வரும் தபால், யார் வாங்கலாம், அவருடைய மாதிரிக் கையெழுத்து, எந்தத் தேதி வரை. இருவரின் அடையாள அட்டை நகல். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் பெயரில் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏஜென்சி ஆளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், கடிதம் செல்லாக்காசாகிவிடும். எதிர்வீட்டுக்காரர் பெயரில் கொடுங்கள்.

இனி முக்கியமானது. வாட்ச்மேன் வாயில் வரும் ஒரு வார்த்தை சட்டத்தில் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். பொது உட்பிரிவுகள் சட்டம் 1897, பிரிவு 27: சரியான விலாசம் எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், மாறாக நிரூபிக்காதவரை அது உரியவருக்குச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். 'வாங்க மறுத்தார்', 'அறிவிப்பு கொடுத்தும் வந்து வாங்கவில்லை' என்று திரும்பி வந்தாலும் அனுப்பியவர் பக்கம்தான் சாயும். செக் ரிட்டர்ன் விஷயத்தில் பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு இல்லை. "எங்களுக்கு அந்த மாதிரித் தபால் வேண்டாம்" என்று கேட்டில் யாரோ சொன்னதால் அந்த 15 நாள் ஓடிப்போகலாம். 2007-ல் உச்ச நீதிமன்றம் அலவி ஹாஜி வழக்கில், நோட்டீஸே வரவில்லை என்பவர் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளக் கோரலாம் என்றது. அதையும் செய்யாதவர் நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று வாதாட முடியாது. ஆகவே செக்யூரிட்டிக்கு ஒரே ஒரு பாடம்: எந்தத் தபாலையும் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆள் இல்லை என்றால் "இப்போ வீட்ல இல்லீங்க, சாயங்காலம் வருவாங்க" என்று மட்டும் சொல்லட்டும். "காலி பண்ணிட்டாங்க" என்பதைப் பட்டியலைப் பார்க்காமல் சொல்லவே கூடாது.

செயலர்_3பிளாக்:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் மூன்று. ஆள் இல்லாதபோது தபால் எத்தனை நாள் ஆபீஸில் இருக்கும்? காலி செய்துவிட்டுப் போனவர்களுக்கு வரும் தபால் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது, அதை என்ன செய்வது? பொதுக்குழுவில் ஒருவர் டிஜிபின் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை என்கிறார், உண்மையா?

பீட்_சார்ட்டர்:

ஏழு நாள். போஸ்ட்மேன் அறிவிப்புச் சீட்டு விட்டுப் போவார், அதை எடுத்துக்கொண்டு, சீட்டு தொலைந்தால் டிராக்கிங் நம்பரும் அடையாள அட்டையுமாக, ஆபீஸுக்குப் போய் வாங்கலாம். ஏழு நாளில் வாங்காவிட்டால் அனுப்பியவருக்குத் திரும்பும். இங்கே உங்கள் கேட்டில் நடக்கும் தவறு: சீட்டை வாட்ச்மேன் வாங்கி நோட்டில் செருகிவிடுவார், அது பத்தாம் நாள் வெளியே வரும். சீட்டு வந்தால் லெட்டர் பாக்ஸில் போட வேண்டும், அதைப் படம் எடுத்து அந்த ஃபிளாட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டும். இரண்டும். இன்னொன்று: ஸ்பீட் போஸ்ட்டை நகரில் சில பகுதிகளில் தனி டெலிவரி மையம்தான் பட்டுவாடா செய்கிறது. தெருமுனைத் தபால் ஆபீஸில் போய் நின்றால் "இங்கே இல்லை" என்பார்கள். டிராக்கிங்கில் கடைசி வரியில் எந்த ஆபீஸ் பெயர் இருக்கிறதோ அங்கே போங்கள்.

காலி செய்தவர்கள் தபால்: பிரிக்காதீர்கள். உங்கள் விலாசத்தை ஒரு கோடு போட்டு அடித்து, பின்கோடையும் சேர்த்து அடித்து, புது விலாசம் தெரிந்தால் பக்கத்தில் எழுதி, தெரியாவிட்டால் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று எழுதித் தேதி போட்டுப் போஸ்ட்மேனிடம் கொடுத்துவிடுங்கள். பின்கோடை அடிக்காமல் விட்டால் முதலில் சொன்ன அந்த ஆர்.எம்.எஸ். ஆள் பழைய எண்ணைப் பார்த்து மறுபடி உங்களுக்கே அனுப்புவார். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் அட்டைப்பெட்டியே தேவைப்படாது. வீடு காலி செய்பவரிடம், அட்வான்ஸ் கணக்கு முடிக்கும்போதே, புது விலாசத்துக்கு மாற்றி அனுப்பும்படி டெலிவரி ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது உத்தமம். அந்தக் கடிதத்தை அவர்தான் கொடுக்க வேண்டும், சங்கம் அவருக்காகக் கொடுக்க முடியாது.

அளவு_நாடா:

டிஜிபின் என்பது தபால் துறையின் டிஜிட்டல் விலாச எண். 2025 மே மாதம் வந்தது, பத்து எழுத்து எண், ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்தைக் காட்டும். கட்டம் தரையில் இருக்கிறது. உங்கள் பி 102, 202, 302, 402, 502, 602 ஆறுக்கும் ஒரே டிஜிபின்தான் வரும், ஏனென்றால் அதில் உயரம் கிடையாது. போதாததற்கு உங்கள் வீடு 4 மீட்டரை விடப் பெரியது. ஹாலில் நின்றால் ஒன்று, படுக்கையறையில் நின்றால் இன்னொன்று. தனி வீட்டுக்கும் கிராமத்துக்கும் அருமையான விஷயம். அடுக்குமாடியில் அது கட்டடம் வரை கொண்டுவந்து விடும், மாடிக்கு ஃபிளாட் நம்பர்தான் வேண்டும். பின்கோடுக்கு மாற்றும் அல்ல, இரண்டையும் எழுதுங்கள்.

இதோடு ஒன்று சேர்த்து நோட்டீஸ் போர்டில் போடுங்கள். "உங்கள் பார்சல் வந்துள்ளது, விலாசம் சரியில்லை, இந்த லிங்க்கில் திருத்துங்கள்" என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்.எம்.எஸ். மோசடி. தபால் துறை லிங்க் அனுப்பி விலாசம் திருத்தச் சொல்லாது, கார்டு நம்பரும் கேட்காது. உண்மையான டிராக்கிங் எண்ணுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு எண். முதல் எட்டை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 11 ஆல் வகுத்து வரும் மீதியை 11-லிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் வர வேண்டும் (10 வந்தால் 0, 11 வந்தால் 5). 47312482 என்றால் கூட்டுத்தொகை 200, மீதி 2, ஆகவே கடைசி இலக்கம் 9. மோசடிக்காரன் அடித்துவிடும் எண் பெரும்பாலும் இதில் மாட்டும். சரியாக வந்தாலும் லிங்க்கைத் தொடாமல் இந்தியா போஸ்ட் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள்.

வக்கீல்_குமாஸ்தா:

புகார் என்றால் முதலில் டெலிவரி ஆபீஸ் போஸ்ட்மாஸ்டருக்கு எழுத்தில், டிராக்கிங் எண், 'டோர் லாக்ட்' என்று பதிவான தேதி, நேரம் மூன்றும் போட்டு. அந்த நேரத்துக்கான கேட் கேமரா பதிவை அழியும் முன் எடுத்து வையுங்கள். பல கேமராக்களில் 15, 30 நாளில் மேலெழுதிவிடும். போஸ்ட்மேன் கேட்டுக்கே வரவில்லையா, வந்து உங்கள் செக்யூரிட்டி திருப்பி அனுப்பினாரா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் புகாரை எழுத வேண்டியது ஏஜென்சிக்கு. பதில் வராவிட்டால் 1800 266 6868, அல்லது இணையத்தில் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீட் போஸ்ட் தொலைந்தே போனால் இழப்பீடு கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அது. ஆகவே நகையும் பணமும் கவரில் வைக்காதீர்கள்.

தகடு_வேலை:

செயலர் சார், கொட்டேஷன் வாங்கும்போது 72 அல்ல, 75 கேட்டு வாங்குங்கள். பிளாக்குக்கு ஒரு பெட்டி அதிகம், நம்பர் இடத்தில் 'தவறி வந்தவை' என்று எழுதி. பக்கத்து வீட்டுத் தபால் தன் பெட்டியில் விழுந்தால் அதை மேஜையில் வைக்காமல் இதில் போடுவார்கள், போஸ்ட்மேன் வரும்போது எடுத்துச் சரியான பெட்டியில் போட்டுவிடலாம். சாவி இரண்டு, ஒன்று அவரிடம், ஒன்று சங்கத்திடம். 25 பெட்டி நாலு பத்தியில் அடங்காது என்று ஃபேப்ரிகேட்டர் சொல்வார். ஐந்து பத்தி, ஐந்து வரிசை போடச் சொல்லுங்கள்: 1300 அகலம், 550 உயரம். மாடிக் கணக்கில் வரிசை போடும் முறை மட்டும் மாறும். மேலிருந்து கீழாக அல்லாமல் பத்திக்கு ஒரு மாடி என்று வைத்தால் ஆறு மாடி ஐந்து பத்தியில் இடிக்கும். அதற்கு ஆறாம் மாடியின் நாலு பெட்டியை முதல் நாலு பத்தியின் கடைசி வரிசையில் படுக்கையாகப் போட்டு, மிச்சம் ஒன்றைத் தவறி வந்தவைக்கு விடுங்கள். நம்பரைப் பெரிதாக எழுதினால் கண் பிடித்துக்கொள்ளும்.